சாலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஊராட்சி மன்றம், அந்தப் பக்கம் இன்னொன்று: உங்கள் அனுபவம் என்ன?

பழைய கிள்ளான் சாலை வாசி:
போன வாரம் நடந்தது, இன்னும் ஆறவில்லை. பழைய கிள்ளான் சாலையில் சாப்பிட்டுவிட்டு ஒரு வேலையாக பெட்டாலிங் ஜெயா பக்கம் போய் வண்டியை நிறுத்தினேன். செயலியில் பணம் கட்டிவிட்டுத்தான் இறங்கினேன். திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் சம்மன். போனை எடுத்துப் பார்த்தால் இன்னும் 22 நிமிடம் பாக்கி என்று பச்சையில் ஓடுகிறது! கட்டியது கோலாலம்பூருக்கு, வண்டி நிற்பது சிலாங்கூரில். மன்றத்தை மாற்ற மறந்தது என் தப்புதான், சரி. ஆனால் பார்க்கிங்குக்கு மட்டும் என் போனில் நான்கு செயலிகள். நானே மென்பொருள் வேலையில் இருப்பவன். எல்லைப் பலகையோடு சந்தை முடிந்துவிடும் என்றால் எவன் மெனக்கெட்டு நல்லதாக ஒன்றைச் செய்வான்? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பட்டர்வொர்த்காரன்:
பார்க்கிங்கில் பினாங்கு பரவாயில்லை. 2019-இல் வந்த ஸ்மார்ட் பார்க்கிங் செயலி தீவுக்கும் செபராங் பிறைக்கும் சேர்த்து ஒன்றுதான்.

என் கதை வேறு. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, வடிகாலில் தண்ணீர் ஏறினால் போனுக்குத் தகவல் அனுப்பும் சென்சார் செய்கிறேன். பட்டறை கப்பளா பத்தாசில். மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மன்றம் இந்த மாதிரி சென்சாருக்கு செபுட் ஹர்கா, அதாவது விலை கேட்டு அறிவிப்பு, விட்டிருந்தது. காரில் அரை மணி நேரம்கூட ஆகாத இடம். கவுண்டரில் இருந்த அம்மா கோப்பைப் புரட்டி முகவரியைப் பார்த்தார். "மாஃப், என்சிக், இந்த மாவட்ட முகவரி வேண்டும்" என்று ரப்பர் பேண்டைத் திரும்ப மாட்டிக் கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன்.

வேலை ஓர் உள்ளூர் லோரிக்காரருக்குப் போனது. அவர் சென்சாரை வாங்கியது யாரிடம்? என்னிடம்தான். காசு வந்தது, சும்மா இருந்தேன். மூன்று மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது பாலத்தின் ஓரம் அண்ணாந்து பார்க்கிறேன், என் பெட்டி தலைகீழாக மாட்டியிருக்கிறது. கீழே ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கும் கருவி அது. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளம் மேலேயிருந்து வரும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது அளவீடுகள்தான். ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுங்காக ஓடியிருந்தால், குப்பை மிதக்கும்போது சென்சார் எங்கே தப்பாகக் காட்டுகிறது என்று பிடித்து அடுத்ததைத் திருத்தியிருப்பேன். இப்போதும் பழைய மாடலையே விற்கிறேன்.

உள்ளூர்க் கான்ட்ரெக்டர்:
அண்ணே, கோபம் புரிகிறது, ஆனால் அந்த லோரிக்காரர் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒருமுறை எங்கள் ஊர்த் தெருவிளக்கு வேலையைக் கோலாலம்பூர் கம்பெனி எடுத்தது. கடைசியில் பாதி விலைக்கு ஏணியில் ஏறியவர்கள் என் பையன்கள்தான். முகவரி விதி இல்லையென்றால் எங்களுக்குச் சோறு கிடையாது.

இன்னொன்று. சீனாவில் ஷென்சென் நகரம் என்ன செய்தது? உள்ளூர் கார் கம்பெனி பிஒய்டியின் இ6 மின்வண்டிகளை 2010-லேயே டாக்சியாக ஓடவிட்டது. 2017 முடிவதற்குள் 16,000-க்கு மேற்பட்ட பஸ்கள் எல்லாம் மின்சாரம். அதேபோல ஒரு காலத்தில் ஷாங்காய் டாக்சி என்றால் உள்ளூர்க் கூட்டுத் தொழிற்சாலையில் செய்த சந்தானா கார், பெய்ஜிங் என்றால் ஹூண்டாய். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொல்வார்கள். அவன் தன் பிள்ளைக்குத்தான் முதலில் ஊட்டினான். பிஒய்டி இன்று கோலாலம்பூர் ரோட்டில் ஓடுகிறதா இல்லையா? நீங்களும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, அந்த முகவரியில் கம்பெனியைப் பதிந்து, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்து, இரண்டு சின்ன வேலை செய்து பெயர் வாங்கி, அப்புறம் பெரிய வேலைக்குப் போங்கள். நானே ஆள் பார்த்துத் தருகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தம்பி, பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். அதே பிஒய்டியின் பிளக்-இன் ஹைப்ரிட் (சார்ஜும் ஏற்றலாம், பெட்ரோலிலும் ஓடும்) வண்டியை பெய்ஜிங் தன் சலுகைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. உள்ளூர்ப் பட்டியல் போட்டு வெளியூர் வண்டியைத் தடுக்காதீர்கள் என்று 2014-இல் அவர்கள் மத்திய அரசே சொல்ல வேண்டி வந்தது. ஷென்செனில் ஒரு கோடிக்கு மேல் ஜனம், வீட்டுச் சந்தையே ஒரு நாடு மாதிரி. நம் மாவட்டத்தில் எத்தனை வடிகால் இருக்கிறது, அதை வைத்து எந்தக் கம்பெனி வளரும்?

என் அனுபவம் சின்னது. முன்பு சிலாங்கூர் எல்லையை ஒட்டிய ஃப்ளாட்டில் இருந்தேன். ஃபைபர் கேபிளுக்கான ஆரஞ்சுக் குழாய் எதிர்வாடை வரை வந்து, வாயில் பிளாஸ்டிக் பை கட்டியபடி ஒன்றரை வருடம் நின்றது. ரோட்டைத் தோண்ட இந்தப் பக்கத்து அனுமதி வேறு, அந்தப் பக்கத்து அனுமதி வேறு. பிள்ளை பரீட்சைக்கு மாமி வீட்டுக்குப் போய்ப் படித்தான்.

போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2010 போட்டிச் சட்டம் 2012 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் அதன் 3-ஆம் பிரிவு அரசு அதிகாரத்தின் பேரில் செய்வதை வணிக நடவடிக்கையாகவே எடுத்துக்கொள்ளாது. மன்றம் போடும் விதி பெரும்பாலும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசுக்கும் எழுதாதீர்கள். அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஊராட்சி மாநிலத்தின் கையில். கோலாலம்பூர் மாதிரி கூட்டரசுப் பிரதேசம்தான் விலக்கு. சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். போகும்போது அந்தத் தலைகீழ் பெட்டியின் படத்தை மறக்காமல் கொண்டுபோங்கள்.

பழைய கிள்ளான் சாலை வாசி:
அண்ணே, அந்தப் பெட்டியை நீங்களே திருப்பி மாட்டிவிட வேண்டியதுதானே?

பட்டர்வொர்த்காரன்:
மாட்டலாம், இரண்டு போல்ட்தான். ஆனால் அது இப்போது மன்றத்துச் சொத்து, தொட்டால் என் மேல் கேஸ். லோரிக்காரருக்குப் போன் அடித்தேன். வாரண்டி என் பேரில்தான் இருக்கிறதாம், ஆள் அனுப்பச் சொல்கிறார். அனுப்பினால் கவுண்டரில் முகவரி கேட்பார்கள்.