பாதம் பட்டதும் எரியும் விளக்கு: வீட்டிலேயே செய்த மிதியடிச் சுவிட்ச்

என் தாயார் இரவில் எழும்போது இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடக் கூடாது என்பதற்காக, கட்டிலை விட்டு இறங்கிக் கால் ஊன்றியதுமே விளக்கு எரியும்படி ஒரு மிதியடிச் சுவிட்சைச் செய்து வைத்தேன். இதே முயற்சியில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் அதன் விவரங்களைப் பகிர்கிறேன்.

அடியிலும் மேலிலும் இரண்டு தகடுகள், அவற்றின் உட்புறத்தில் உணவு பொதியும் அலுமினியத் தாள், நடுவே துளையிட்ட ஸ்பாஞ்ச், அமைப்பு இவ்வளவுதான். எடை ஏறியதும் ஸ்பாஞ்ச் அமுங்க, துளைகளின் வழியே இரு தாள்களும் தொட்டுக்கொண்டு மின்சுற்று முழுமையாகிறது. அடித்தகடு விறைப்பான ஒட்டுப்பலகையாக இருக்கலாம். ஆனால் மேல்தகடு வளையக்கூடிய மெல்லிய அட்டையாகத்தான் இருக்க வேண்டும். மேலேயும் பலகையை வைத்தால் எடை ஸ்பாஞ்ச் முழுவதும் பரவிவிடுவதால், மெலிந்த உடல்வாகு உள்ளவர் மிதிக்கும்போது தாள்கள் தொடாமலே போகக்கூடும். துளைகளைப் பெரிதாக்கினாலோ ஸ்பாஞ்சை மெல்லியதாக்கினாலோ சுவிட்ச் குறைந்த எடைக்கே இயங்கும். வயதானவர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் முதலில் கால் வைப்பார்கள் என்பதால், ஒரு ரூபாய் நாணய அளவுத் துளைகளை விளிம்புக்கு அருகில் வரை நெருக்கமாக இட்டேன்.

அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருப்பதால் சாதாரண சால்டரிங் அதில் பிடிக்காது. ஒயரின் இழைகளை விசிறிபோல் பிரித்துத் தாளின் மேல் பரப்பி, வாஷரும் திருகாணியும் வைத்து இறுக்குவதே நிலையான இணைப்பு.

விளக்கைப் பொறுத்தவரை, மிதியடியை விட்டு நகர்ந்த உடனே அணைந்துவிட்டால் பயனில்லை என்பதால் ஒருமுறை தூண்டினால் குறிப்பிட்ட நேரம் வரை விளக்கை எரியவைக்கும் சிறு சில்லான 555 டைமர் ஐ.சி.யைப் பயன்படுத்தினேன். நேரம் 1.1 × R × C என்ற கணக்கில் அமைவதால், 1 மெகாஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் ஏறத்தாழ 110 விநாடி தரும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒருவர் அந்த நேரத்துக்கும் மேலாக மிதியடியிலேயே நின்றால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆனால் காலை எடுத்த கணமே அணைந்துவிடும், அதாவது, அவர் நடக்கத் தொடங்கும்போதுதான் இருட்டாகும். BC557 போன்ற ஒரு PNP டிரான்சிஸ்டரின் எமிட்டரை அந்தக் கெப்பாசிட்டரின் நேர்முனையிலும், பேஸை 555-இன் டிரிகர் முனையிலும் (மிதியடி இணைந்திருக்கும் தூண்டு முனை), கலெக்டரைக் கிரவுண்டிலும் இணைத்தால், மிதித்திருக்கும் வரை கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறாது. காலை எடுத்த பிறகே நேரம் ஓடத் தொடங்கும்.

மொத்த அமைப்பும் 12 வோல்ட் அடாப்டரில் இயங்குகிறது, 30 செ.மீ. எல்.இ.டி. பட்டை ஒன்றை 555 தானே தாங்குகிறது. 230 வோல்ட் மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் மிதியடிக்குள் கொண்டுவராதீர்கள். அறையின் பெரிய விளக்கே எரிய வேண்டுமென்றால், ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய விளக்கைப் போடும் சுவிட்ச்) மூடிய பெட்டியில் வைத்து, அந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் ஒப்படையுங்கள்.

தரை துடைக்கும் ஈரம் உள்ளே இறங்காதபடி எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு ஒட்டினேன். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பும், கால் தடுக்காதபடி நான்கு விளிம்புகளிலும் சரிவான ரப்பர் பட்டையும் கட்டாயம் வேண்டும். இவை இரண்டும் பொருந்திய பிறகே தாயாரை அதன்மேல் கால் வைக்க அனுமதித்தேன்.