வாசல் பக்கம் குரோட்டன்ஸை எடுத்துவிட்டுக் கீரை, காய் வைக்கலாமா?

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சியில் சொந்த வீடு, கிழக்கு பார்த்த வாசல். கேட்டிலிருந்து போர்டிகோ வரை போகிற சிமெண்ட் பாதைக்கு இரண்டு பக்கமும் நாலடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறோம். ஒரு பக்கம் கொரியன் கிராஸ், இன்னொரு பக்கம் குரோட்டன்ஸும் அரளியும். கோடையில் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி மாளவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாப்பிடுகிற செடிகளாகவே வைக்க எனக்கு ஆசை. வீட்டுக்காரரோ, "வாசல்ல கத்திரிக்காய் தொங்கினா பார்க்க நல்லாவா இருக்கும்?" என்கிறார். மாமியாருக்குக் கண்ணு பட்டுவிடும் என்ற கவலை வேறு. பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும், சமையலுக்கும் ஆக வேண்டும். எதை எங்கே வைப்பது? பின்பக்கம் இடமில்லை, மாடியில் சோலார் போட்டாயிற்று, அதனால் மாடித்தோட்டம் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

களிமண்:
வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது சகோதரி. கத்திரி, வெண்டை, தக்காளி எல்லாம் காய்ப்பு ஓய்ந்ததும் கீழிலை பழுத்து, மாவுப்பூச்சி ஏறி, பார்க்கவே பிடிக்காது. முளைக்கீரையைப் பிடுங்கினால் மிஞ்சுவது வெறும் மண். அதனால் பறிக்கப் பறிக்கத் தழைக்கிற செடிகளை முன்னால் வையுங்கள், ஒரு பருவத்தோடு முடிகிறதெல்லாம் அதற்குப் பின்னால் மறைவாக இருக்கட்டும்.

பாதை ஓரத்துக்குச் சிவப்புப் பொன்னாங்கண்ணி. நல்ல வெயில் விழுந்தால்தான் அந்தக் கருஞ்சிவப்பு வரும், நிழலில் பச்சை தட்டிப்போகும். நர்சரியில் பார்டருக்கென்று விற்கிற சிவப்புச் செடியை வாங்கிச் சமைத்துவிடாதீர்கள், அதெல்லாமே பொன்னாங்கண்ணி இல்லை, என்ன மருந்து அடித்திருப்பார்களோ அதுவும் தெரியாது. சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்கி, இலையை ஆய்ந்து பொரியலுக்கு எடுத்துக்கொண்டு, தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து ஊன்றுங்கள், தானே வேர் பிடித்துவிடும். அப்புறம் அவ்வப்போது கத்தரியால் மட்டமாக வெட்டிக்கொண்டே இருந்தால் பார்டரும் ஆயிற்று, பொரியலும் ஆயிற்று.

புல் இருந்த பக்கத்தில் குழாயடி ஈரமும் கொஞ்சம் நிழலும் இருந்தால் வல்லாரை படரவிடலாம், ஆனால் புல் மாதிரி மிதித்து நடக்க ஆகாது. காம்பவுண்ட் ஓரமாகத் தவசிக்கீரைக் குச்சியை ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றி இடுப்பளவில் கவாத்து செய்தால் நல்ல பச்சை வேலி. அதைச் சமைத்தே சாப்பிடுங்கள், ஜூஸ் போட்டுக் குடிக்க வேண்டாம். 1990களில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டுமென்று இதைப் பச்சையாகச் சாறெடுத்துத் தொடர்ந்து குடித்தவர்களில் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

முக்கியமாக, அரளியை முதலில் எடுங்கள். வேர் முதல் பூ வரை விஷம், கீரை பறிக்கிற இடத்தில் அதற்கு என்ன வேலை?

கொங்குநாட்டான்:
களிமண் சொன்னது சரி, ஆனால் எல்லாம் முழங்கால் உயரத்திலேயே நின்றால் எடுப்பாக இருக்காது. கேட்டுக்கு மேல் ஒரு கம்பி வளைவு வைத்து சங்குப்பூவை ஏற்றுங்கள், நீலம் சும்மா அள்ளும், பூவைக் காயவைத்து டீயும் போடலாம். சிவப்புத் தண்டு கொடிப்பசலையும் அழகுதான், ஆனால் அதன் பழம் கீழே விழுந்து டைல்ஸில் மிதிபட்டால் அந்தக் கருநீலக் கறை லேசில் போகாது, அதைச் சுவர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு ஒரு மாதுளை. காய்க்காவிட்டாலும் அந்தச் சிவப்புப் பூவுக்காகவே வைக்கலாம். கேட் பக்கத்தில் ஒரு முருங்கை நட்டுவிட்டால் வீட்டுத் தேவை தீர்ந்தது.

களிமண்:
எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், முருங்கை மட்டும் வேண்டாமே. கிளை பொசுக்கென்று ஒடியும், அதுவும் கேட் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில்! மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டு இருப்பதை வருகிறவர்கள் எல்லாம் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

கறிவேப்பிலைக்காரி:
மாமியாரிடம் சொல்லுங்கள், கண்ணு படுவது பெரிய விஷயமில்லை, கை படுவதுதான் பிரச்சினை 😄 எங்கள் தெருவில் சுவருக்கு வெளியே எட்டிப்பார்க்கிற கறிவேப்பிலை எதுவும் தப்பியதில்லை. அதைப் போர்டிகோவை ஒட்டி உள்ளே வைத்து, நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், குடை மாதிரி அடர்ந்து வரும். இலை மேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும், வளர வளரப் பச்சையாகிவிடும். சின்னச் செடியென்றால் ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும். கையால் எடுத்துப் போட்டாலே போதும், மருந்தெல்லாம் வேண்டாம்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வளைவுக்கு வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், அதுவே பெரிது. இந்த வாரமே ஆள் விட்டுப் புல்லை எடுத்துவிடலாமா?

களிமண்:
புல்லை எடுங்கள், ஆனால் இந்த வைகாசி வெயிலில் எதையும் நடாதீர்கள், ஆடி வரட்டும். அதற்குள் போர்டிகோ ஓரத்தில் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். வீடு கட்டும்போது கொட்டின சிமெண்ட் கலவையும் ஜல்லியும் பெரும்பாலும் அங்கேதான் புதைந்திருக்கும், அதன் மேல் எந்தச் செடியும் தேறாது. அள்ளிப் போட்டுவிட்டுச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்பி, கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஆறப்போடுங்கள். தவசிக்கீரைக் குச்சி வேண்டுமென்றால் சொல்லுங்கள், கவாத்து செய்யும்போது எடுத்துவைக்கிறேன்.