புதுப்பிப்பு: சுங்குடிக் கடை இணையதளம் மாறிவிட்டது

சின்னாளப்பட்டியில் உள்ள எங்கள் சுங்குடிச் சேலைக் கடையின் இணையதளம் மொபைலில் திறக்கத் திணறுகிறது, யாரிடம் கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

திண்டுக்கல்லில் ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்தோம். விலை பேசும் முன்பே, "டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார். அதனாலேயே அவரைப் பிடித்துப்போயிற்று. பார்த்தால், முன்பு தளம் செய்து கொடுத்த ஆள் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார்! தளம் செய்யக் கொடுக்கும் யாரும் முதலில் இதைப் பாருங்கள். டொமைன் நம் கையில் இல்லாவிட்டால், அதை வைத்திருப்பவர் நினைத்தால் தளத்தையே நிறுத்திவிடலாம். பேசி, எங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டோம்.

அப்புறம் வேகம். கேமராவில் எடுத்த படங்கள் அப்படியே ஏறியிருந்தன. அளவைக் குறைத்து, கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி (WebP) என்ற பட வடிவில் போட்டதும், கூகுளின் பேஜ்ஸ்பீட் சோதனையில் முகப்பின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிந்தது. நல்ல வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கும் வரம்பு அதுதான். முடிச்சுப் புள்ளிகள் தெரியும் நெருக்கப் படத்தை மட்டும் சுருக்கவில்லை; சுங்குடி வாங்குபவர்கள் அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு சேலைக்கும் கீழே வாட்ஸ்அப் பொத்தான் உண்டு. ஆன்லைன் கட்டணம் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம். நிறம் கேட்டு, பேசித்தான் வாங்குகிறார்கள்.