டிரங்க்கில் விட்டுப்போன 'ஆட்'

வாடிக்கையாளர் இடத்தில் மென்பொருளை வைத்து நெட்வொர்க் சுவிட்சின் கான்ஃபிக்கை (அமைப்புகளை) மாற்றப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஒரே ஒரு சொல் விட்டுப்போன கதை.

நாற்பது சொச்சம் சிஸ்கோ சுவிட்ச். விலான் என்பது ஒரே கம்பியில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்; பல விலான்களைச் சுமந்து சுவிட்சுகளை இணைப்பது டிரங்க் போர்ட். கேமராக்களுக்காக விலான் 60 என்று புதிதாக ஒன்றை எல்லா டிரங்க் போர்ட்டிலும் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கையால் அடித்தால் அரை நாள் போய்விடும் என்று பல கருவிகளை ஒரே ஓட்டத்தில் மாற்றும் அன்சிபிள் மென்பொருளில் பிளேபுக் (கட்டளைப் பட்டியல்) எழுதினேன். 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவுட் விலான் ஆட் 60' என்று இருக்க வேண்டிய வரியில் 'ஆட்' இல்லை. தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். 'ஆட்' இருந்தால் பட்டியலில் 60 சேரும். இல்லாவிட்டால் பட்டியலில் 60 மட்டும்தான் மிஞ்சும்.

சோதிக்காமல் போகவில்லை. ஆபீஸில் கிடந்த இரண்டு சுவிட்சில் ஓட்டிப் பார்த்தேன். டிரங்க்கில் 60 வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. மற்ற விலான்கள் இருக்கின்றனவா என்று பார்க்கத் தோன்றவில்லை. அந்த இரண்டுக்கும் தனி மேனேஜ்மென்ட் போர்ட் வழியாகப் போனதால் இணைப்பும் அறுபடவில்லை.

அன்சிபிள், நாம் மாற்றாதவரை, ஐந்தைந்து கருவியாகத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் ஐந்தும் பதில் சொல்லாமல் நின்றன. லைன் மெதுவாக இருக்கிறது போல என்று காத்திருந்தேன் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. திரையில் சிவப்பு எழுத்து வந்து, நான் நிறுத்த கன்ட்ரோல் சி அடிப்பதற்குள் அடுத்த ஐந்தும் போயாச்சு. இங்கே நான் சுவிட்சுக்குள் நுழையும் மேனேஜ்மென்ட் விலானும் அதே டிரங்க் வழியாகத்தான் வருகிறது. திருத்தி அனுப்பக்கூட வழியில்லை. நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டியிருந்தேன்.

அவர்களுடைய ஐடி பொறுப்பாளர் வந்தார். "சார், மூணாவது மாடியில போன் ஒண்ணும் வேலை செய்யல. நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

"தொட்டேன் சார். ரேக் சாவி யார்கிட்ட இருக்கு?"

சேவ் செய்யும் படியை பிளேபுக்கின் கடைசியில் வைத்திருந்தேன். ஓட்டம் அதுவரை போகவில்லை. யோசித்து வைத்ததெல்லாம் இல்லை, அதிர்ஷ்டம். மாற்றம் ரன்னிங் கான்ஃபிக்கில் (அப்போது ஓடிக்கொண்டிருப்பது) மட்டும் இருந்தது, ஸ்டார்ட்டப் கான்ஃபிக் (மறுபடி எழும்போது படிப்பது) பழையபடியே. ஆக, பவர் கேபிளைப் பிடுங்கிச் சொருகினால் போதும். ரேக் ரேக்காகப் போனோம். விசிறி ஒருமுறை அலறி அடங்கும், அப்புறம் விளக்கெல்லாம் பச்சைக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படிப் பத்து முறை. ஒரு அறையின் சாவி விடுப்பில் போனவரிடம் இருந்தது. அங்கே மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது.

இப்போது ஒவ்வொரு சுவிட்சாகத்தான் ஓட்டுகிறேன். மாற்றும் முன் 'ரீலோட் இன் 10'. இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் அதுவே ரீபூட் ஆகிப் பழைய கான்ஃபிக்குடன் எழுந்துவிடும். சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்', அதற்கப்புறம்தான் சேவ். முந்திக்கொண்டு சேவ் செய்தால் பிழையோடுதான் எழும்.

*

மேலே டிரங்க் கதை எழுதியவருக்கு என் பதில்: ஜூனிப்பர் நிறுவனக் கருவிகளில் இதற்கு ரீபூட்டே வேண்டாம். மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது 'கமிட்'; அதையே 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி கமிட் செய்யாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். எனக்கு நடந்தது உங்களுக்கு நேரெதிர். மாற்றம் கச்சிதமாக வேலை செய்தது, வாடிக்கையாளரிடம் காட்டினேன், கைகொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டாவது கமிட்டை மறந்தே போனேன். வண்டியை எடுப்பதற்குள் போன்: "நீங்க இருக்கும்போது வந்துச்சு சார், இப்ப போயிடுச்சு." சிரித்துக்கொண்டே திரும்பிப் போனேன், வேறென்ன செய்ய.

*

மூன்றாவது ஆளாக நானும் சொல்கிறேன். மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு: டெர்மினலில் கன்ட்ரோல் எக்ஸ் அடித்தால் சேஃப் மோட். லைன் அறுந்தால் அந்த அமர்வில் செய்த மாற்றங்களை அதுவே திருப்பிவிடும். சற்றுத் தாமதமாகத் திருப்பும், பதறி மின்சாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள்.

என் தலைவலி வேறு. ஆக்ஸிடைஸ்டு என்ற பேக்கப் மென்பொருள் தினமும் கான்ஃபிக்கை இழுத்து கிட்டில் (மாற்ற வரலாறு வைக்கும் களஞ்சியம்) போட்டுவிடும், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க அருமையான ஏற்பாடு. ஆனால் அதை என் லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். திரையில் அவருடைய எஸ்என்எம்பி கம்யூனிட்டி பெயர் (கருவிகளைக் கண்காணிக்கக் கடவுச்சொல் போலப் பயன்படுவது) அப்படியே தெரிந்தது, பக்கத்தில் டைப் 7 கடவுச்சொற்கள். டைப் 7 என்பது பெயருக்குத்தான் மறைப்பு, யாரும் நொடியில் அவிழ்த்துவிடலாம். "இது எங்க பில்டிங்குக்கு வெளியே போகுதா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்று மாலையே அவர்களுடைய சர்வரில் அதை நிறுவிக் கொடுத்துவிட்டு, என் பிரதியை அவர் முன்னாலேயே அழித்தேன்.