விஓ2 மேக்ஸ்: தமிழ்ல என்ன போடலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

உடற்கல்வி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஆளை ட்ரெட்மில்ல ஓடவிட்டு, மாஸ்க் மாட்டி, இழுக்குற காத்து விடுற காத்து ரெண்டையும் அளந்து, கூடவே ஈசிஜி எடுக்குற டெஸ்ட் பத்தின பாடம். விஓ2 மேக்ஸ்ல மாட்டிக்கிட்டேன். உடம்பு ஒரு நிமிஷத்துல அதிகபட்சமா எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியுங்கிற அளவு, எடையில ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர்னு சொல்லுவாங்க. "உச்ச மூச்சுத்திறன்" சரியா வருமா?

————

மூச்சு வேண்டாம் தம்பி. படிக்கிறவன் நுரையீரலைத்தான் நினைப்பான். நோய் நொடி இல்லாத ஆளுக்குப் பெரும்பாலும் தடை அங்க இல்ல, இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுதுங்கிறதுலதான் இருக்கு. சும்மா இருக்கும்போது சுமார் 5 லிட்டர், நெடுந்தூர வீரருக்கு உச்சத்துல 30 லிட்டரைத் தாண்டும். அந்த ரத்தத்துலேர்ந்து தசை உருவிக்கிற ஆக்சிஜனால அதைப் பெருக்கினா விஓ2, ஃபிக்ங்கிற உடலியல் அறிஞர் சொன்ன கணக்கு. பயிற்சியால உச்சத் துடிப்பு ஒண்ணும் ஏறிடாது, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிய போற ரத்தம்தான் கூடும், அதான் அவங்களுக்கு ஓய்வுல நாடி 40 பக்கம் நிக்குது. என் பரிந்துரை: உயிர்வளி உச்சக் கொள்திறன்.

————

ஐயா, கருத்து சரி, சொல் சரியில்ல. கொள்திறன்னா பாத்திரம் எவ்வளவு பிடிக்கும்னு கேக்குற மாதிரி இருக்கு, மறுபடி நுரையீரல்தான் ஞாபகம் வரும். அப்புறம் ஆக்சிஜனுக்கு உயிர்வளி எதுக்கு? குறள் 941ல "வளிமுதலா எண்ணிய மூன்று"ன்னா வளி வாத, பித்த, கபத்துல வர்ற வாதம். ஆக்சிஜன்னு எழுதினா எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

————

வளி ஐம்பூதத்துலயும் ஒண்ணுதான் அம்மா, குறளை மட்டும் காட்டி விரட்டாதீங்க. என் கவலை வேற. ளகர ஒற்றுக்குப் பின்னால தகரம் வந்தா டகரமாகணும், பழைய விதிப்படி கொள்திறன் "கொட்டிறன்" ஆயிடும். கொள்கலத்துக்கு இந்தச் சிக்கல் இல்ல.

————

கொட்டிறன்னா யாருக்குப் புரியும் ஐயா! நாள்தோறும்னுதான் எல்லாரும் எழுதுறோம், யாரும் நாடோறும்னு எழுதுறதில்ல, விட்டுடலாமே.

மெஷின் பாக்குறது உள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது உடம்பு செலவழிச்சது. அதனால "நுகர்வு". நுகர்தல்னா முகர்றது, இன்பம் துய்க்கிறதுன்னு யாராவது கிளம்புவீங்க, மின் நுகர்வுன்னு சொல்றப்ப யாரும் கரண்டை மோந்து பாக்கல.

ஆனா "உச்ச"வை யாருமே கவனிக்கல. ரிப்போர்ட்ல மேக்ஸ், பீக் ரெண்டும் தனித்தனி. வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனாலும் ஒரு கட்டத்துக்கு மேல ஆக்சிஜன் கணக்கு ஏறாம சமதளமா நின்னாதான் மேக்ஸ், 1923ல ஹில், லப்டன்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் எழுதினது அந்த அடிப்படையிலதான். சமதளம் வர்றதுக்கு முன்னாடியே ஆள் களைச்சு நின்னுட்டா அந்த டெஸ்ட்ல கிடைச்ச பெரிய எண் பீக். உச்சத்தை மேக்ஸுக்குக் கொடுத்துட்டா பீக்குக்கு என்ன பண்ணுவீங்க? கணக்குப் பாடத்துல பெருமம், சிறுமம் ஏற்கனவே இருக்கு. பெரும ஆக்சிஜன் நுகர்வு, உச்ச ஆக்சிஜன் நுகர்வு.

————

"பெரும"ன்னா "தலைவா"ன்னு யாரோ அரசனைக் கூப்பிடுற மாதிரி இருக்கு :) ஆனாலும் பீக் விஷயம் சரிதான். நான் ஒத்துக்கிறேன்.

————

எனக்கும் சம்மதம், ஏன்னா தூக்கம் வருது.

————

எல்லாருக்கும் நன்றி. பெரும ஆக்சிஜன் நுகர்வுன்னு போட்டு, முதல் இடத்துல மட்டும் பக்கத்துல விஓ2 மேக்ஸ்னு சேர்த்து அனுப்பிடறேன். கடைசிப் பக்கத்துல அனரோபிக் த்ரெஷோல்ட் இன்னும் பாக்கி. "காற்றில்லா வாசல்"?

————

உயிர்வளியைத் தூக்கினதுக்கு என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்கங்க. வாசலைத் தயவுசெஞ்சு போட்டுடாதீங்க தம்பி, அங்க ஆக்சிஜன் ஒண்ணும் நின்னுடல. ஓட்டம் கடுமையாகும்போது தசையில உண்டாகிற லாக்டேட் தீர்றதை விட வேகமா ரத்தத்துல சேர ஆரம்பிக்கிற இடம் அது, தசை ஆக்சிஜனை எடுத்துக்கிட்டேதான் இருக்கும். வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல?