கண்ணாடி துடைக்கும் வேலை: தோள்பட்டை வலி, ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது. வழி சொல்லுங்கள்

காட்பாடி கண்ணாடி

வணக்கம். நானும் என் மச்சானும் சேர்ந்து கண்ணாடி சுத்தம் செய்யும் வேலையை எடுத்துச் செய்கிறோம். வேலூரில் கிரீன் சர்க்கிளிலிருந்து சத்துவாச்சாரி வரைக்கும் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த ஷோரூம்கள்தான் அதிகம். இடையிடையே கிளினிக், கல்யாண மண்டபம்.

சாயங்காலம் ஆனால் வலது தோள்பட்டையில் குத்துகிறது. சட்டை மாட்டக் கையைப் பின்னால் கொண்டுபோனால் இழுத்துப் பிடிக்கிறது. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. எழுந்து கையை உதறினால்தான் உணர்ச்சி வருகிறது. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. வயது 34.

கையில் இருப்பது 14 இன்ச் வைப்பர், அலுமினிய ஏணி, 20 லிட்டர் பெயின்ட் வாளி. தண்ணீர் அந்தந்தக் கடையில் கிடைக்கும் போர் தண்ணீர். தைலம் தேய்த்தால் அன்றைக்குத் தேவலை, மறுநாள் பழைய கதைதான். இந்த வேலையை விட முடியாது, விடவும் விருப்பமில்லை. இதே தொழிலில் இருப்பவர்கள் உடம்பு கெடாமல் எப்படிச் செய்கிறீர்கள்?

ராணிப்பேட்டை ஹவுஸ்கீப்பிங்

முதலில் அந்த வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. அதை ஒரே கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் இடுப்பும் தோளும் ஒரு பக்கமாகச் சாயும். சக்கரம் வைத்த வாளி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். நாங்கள் பழைய வாளிக்கே அடியில் சக்கரப் பலகை செய்துகொண்டோம்.

பாகாயம் அக்கா

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி: வைப்பர் ரப்பரை எப்போது மாற்றினீர்கள்? நான் ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்கில் ரொம்ப காலம் இருந்தவள். இப்போது புதுப் பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறேன். தோள் வலிக்கிறது என்று யார் வந்து நின்றாலும் கையைப் பார்க்க மாட்டேன், வைப்பரைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.

ரப்பரின் ஓரத்தில் நகத்தை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல ரப்பர் என்றால் விளிம்பு சதுரமாக, கூராக, தடங்கல் இல்லாமல் வரும். தேய்ந்தது என்றால் விளிம்பு உருண்டு வழவழவென்று இருக்கும். எங்காவது நகம் மாட்டினால் அங்கே பிளவு இருக்கிறது. அந்தப் பிளவு கண்ணாடியில் ஒரு கோடு தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். கோட்டைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் அழுத்தி இழுக்கிறோம். கோடு போகாது, தோள்தான் போகும். ரப்பருக்கு இரண்டு விளிம்பு உண்டு. ஒன்று தேய்ந்தால் உருவித் திருப்பிப் போடலாம். இரண்டும் தேய்ந்தால் புதுசு. மருந்துச் செலவோடு பார்த்தால் ரப்பர் மலிவு. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ரப்பராகக் கேட்டு வாங்குங்கள், மெத்தென்று இருப்பது குளிர் ஊருக்குத்தான் சரி.

அடுத்தது வழுக்கல். வாளிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு போதும், வைப்பர் தானாக வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்த கண்ணாடியில் இழுத்தால்தான் பலம் தேவைப்படுகிறது. அதனால் வெயில் அடிக்கும் பக்கம் போகாதீர்கள். மேற்குப் பார்த்த முகப்பைக் காலையில் முடியுங்கள், கிழக்குப் பார்த்ததை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சூடேறிய கண்ணாடியில் நீங்கள் தண்ணீர் தடவி வைப்பரை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். ஒரே கண்ணாடியை இரண்டு முறை செய்ய வேண்டிவரும். காலை ஆறு மணிக்கே கடை வாசலில் நிற்க முதலாளியிடம் அனுமதி கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் கையின் உயரம். கை தோளுக்கு மேலே போய் அங்கேயே நின்று வேலை செய்யும்போதுதான் தோள் எலும்புக்கு அடியில் தசைநார் நசுங்குகிறது. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவிலேயே இரண்டு கையும் இருக்கிற மாதிரி வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். பத்தடிக் கண்ணாடிக்கு ஏணி எதற்கு? நீளும் ராடில் வைப்பரை மாட்டித் தரையில் நின்றே செய்யலாம். கீழ்க் கை இடுப்போரம், மேல் கை நெஞ்சுக்கு நேரே. கையால் இழுக்காதீர்கள். முழங்காலை லேசாக மடக்கி, ஒரு அடி பின்னால் வைத்து, உடம்போடு கீழே இறக்குங்கள். கண்ணாடிக்கு ஒட்டி நின்றால் கழுத்தை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும், தள்ளி நில்லுங்கள். கீழ்ப்பகுதிக்கும் அதே ராடைக் குட்டையாக்கிக்கொண்டால் குனிய வேண்டாம்.

காட்பாடி கண்ணாடி

அக்கா, நன்றி. இப்போதுதான் ரப்பரில் நகம் வைத்துப் பார்த்தேன், மூன்று இடத்தில் மாட்டுகிறது. இரண்டு சந்தேகம். ராடை முழுக்க இழுத்தால் நுனி ஆடுகிறது, அதை அடக்கவே கை வலிக்கிறது. இன்னொன்று, போர் தண்ணீர் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்த கண்ணாடியை எப்படி எடுப்பது? அதற்குத்தான் இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோகிறோம்.

பாகாயம் அக்கா

எட்டும் அளவுக்கு ஒரு அரை அடி மிச்சம் வைத்து ராடை நீட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு நுழைந்திருக்கிறதோ அவ்வளவு ஆட்டம் குறையும். நுனியில் சின்ன வைப்பர் போட்டாலும் பாரம் குறையும்.

உப்புக் கறையைத் தேய்க்கவே கூடாது தம்பி. வெந்நீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட் தூள்) கரைத்துத் துணியை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். சில நிமிஷம் ஊறட்டும், அந்த நேரம் அடுத்த கண்ணாடிக்குப் போங்கள். திரும்பி வந்து துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பழைய கறைக்கு இரண்டாம் தடவை ஊற வையுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். ஜன்னல் படியில் மார்பிள் இருந்தால் அதன் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது, அரித்துவிடும். பேர் தெரியாத ஆசிட் எதையும் கடைக்காரர் கொடுத்தாலும் தொடாதீர்கள். கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் புதுக் கறை படியாது. ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சிலர் சும்மாதானே போகிறது என்று கண்ணாடிக்கு எடுக்கிறார்கள். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம்.

பிசியோ, காந்தி நகர்

விரல் மரப்பைத் தோள் வலியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று விரலும், சுண்டுவிரல் தப்பியதும், ராத்திரியில் உதறினால் சரியாவதும் மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுத்தப்படுவதைக் காட்டும் அடையாளங்கள். கார்ப்பல் டனல் என்பது இதைத்தான். நேரில் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஒல்லியான கைப்பிடியை மணிக்கட்டை வளைத்து இறுக்கிப் பிடிப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் கிரிப்பைக் கைப்பிடியில் ஏற்றுங்கள், கொஞ்சம் தடிமனானால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பாம்பு மாதிரி வளைத்து வளைத்து இழுக்கும் முறையைச் சில வாரம் விட்டுவிட்டு, மேலிருந்து கீழே நேராக இழுங்கள். தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை அணிந்தால் பலருக்கு ராத்திரி மரப்பு குறைகிறது. சர்க்கரை பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த மரப்பும் தோள் இறுகிப்போவதும் கூடுதலாக வரும். கையிலிருந்து பொருள் நழுவினாலோ, கட்டைவிரல் அடிச் சதை மெலிந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

ராணிப்பேட்டை ஹவுஸ்கீப்பிங்

ராடு விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அலுமினிய ராடில் கரன்ட் பாயும், கார்பன் ஃபைபரிலும் பாயும். ஃபைபர் கிளாஸ் ராடு ஈரமாக இருந்தால் அதையும் நம்ப முடியாது. சத்துவாச்சாரிப் பக்கம் சில கடைகளுக்கு முகப்பை ஒட்டியே சர்வீஸ் வயர் போகிறது. ராடை நீட்டுவதற்கு முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். வயர் கிட்டத்தில் இருந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏணியே ஏற வேண்டிய இடம் என்றால் நாலடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி அடியை வையுங்கள். தொப்புள் இரண்டு கம்பத்துக்கும் நடுவிலேயே இருக்கட்டும். எட்டிப் பிடிப்பதைவிட இறங்கி ஏணியை நகர்த்துவது தோளுக்கும் நல்லது.

காட்பாடி கண்ணாடி

ரப்பரும் கிரிப்பும் இன்றைக்கே வாங்குகிறேன். மண்டபத்து மேற்குப் பக்கத்தைக் காலையில் எடுக்க மேனேஜரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். மச்சான் இடது கைக்காரன், இனி ஆளுக்குப் பாதி நேரம் தண்ணீர் தடவுவது, பாதி நேரம் வைப்பர் என்று மாற்றிக்கொள்ளப்போகிறோம். சர்க்கரை பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.