கனடா பிஆர் வாங்கிட்டா அமெரிக்காவுக்கு டிஎன் விசா கிடைக்குமா? சேலம் கன்சல்டன்சில சொல்றாங்க

அஸ்தம்பட்டி அக்கா:
வணக்கம்ங்க. என் தம்பி மெக்கானிக்கல் முடிச்சுட்டு இங்கயே ஒரு கம்பெனில டிசைன் எஞ்சினியரா நாலு வருஷமா இருக்கான். அஞ்சு ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சில விசாரிச்சிருக்கான், அவங்க சொல்றது என்னன்னா ஹெச்1பிங்கற அமெரிக்க வேலை விசா எல்லாம் குலுக்கல், நம்பி உக்கார முடியாது, முதல்ல கனடா பிஆர், அதாவது அங்க நிரந்தரமா தங்கற உரிமை, வாங்கிடு, அப்புறம் கனடா அமெரிக்கா மெக்சிகோ மூணு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்துல டிஎன் விசானு அமெரிக்காவுல வேலை பாக்க ஒண்ணு இருக்கு, பார்டர்லயே போட்டுக் குடுத்துடுவாங்கனு. மொத்தம் மூணரை லட்சமாம், பாதி இப்பவே கட்டணுமாம். அப்பா வாழப்பாடி நிலத்து பத்திரத்த வெச்சு லோன் போடறேங்கறார். நெட்ல தேடினா டிஎன் விசா நிஜமாவே இருக்கு, அதான் குழப்பமா இருக்கு.

டொரன்டோ சேலத்தான்:
அக்கா பணம் கட்டாதீங்க. விசா உண்மை, அவங்க காட்டற வழிதான் பொய். அது கனடா, மெக்சிகோ சிட்டிசனுக்கு மட்டும்தான், பிஆர் கார்டு செல்லாது. அந்த ஒப்பந்தம் 1994ல நாஃப்டானு இருந்தப்பவும் அப்படித்தான், 2020 ஜூலைல யுஎஸ்எம்சிஏ ஆன பிறகும் அதேதான். நான் பிஆர்ல இருந்தப்ப டெட்ராய்ட்ல ஒரு வேலைக்கு ஆள் கேட்டாங்க, பக்கத்து சீட் கனடாக்காரர் ஆஃபர் லெட்டர், டிகிரி, பாஸ்போர்ட் மூணையும் எடுத்துட்டு விண்ட்சர் பாலத்துல போய் ஆபீசர்கிட்ட காட்டி அங்கயே வாங்கிட்டாரு, அதே டிகிரி வெச்சிருந்தும் இந்தியன் பாஸ்போர்ட்டோட என்னால கேக்கக்கூட முடியல. சிட்டிசன் ஆகணும்னா அப்ளை பண்றதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல 1,095 நாள் கனடாவுலயே இருந்திருக்கணும், ஆனதும் இந்திய குடியுரிமை போயிடும், வெளிநாட்டுக் குடிமகன் ஆன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற ஓசிஐ கார்டுதான் மிஞ்சும். பொறந்த ஊரை டிஎன்ல பாக்கறதில்ல, சேலத்துல பொறந்து கனடா பாஸ்போர்ட் எடுத்தவங்களுக்கும் குடுக்கறாங்க. இந்தப் பாதி உண்மைய வெச்சுதான் நம்ம பசங்கள இழுக்கறாங்க, கேக்கவே வயிறு எரியுது.

குகை வாசகர்:
அவர் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. சிட்டிசன் ஆனாலும் எந்த வேலைக்கும் டிஎன் கிடையாது, ஒப்பந்தத்துல இருக்கிற லிஸ்ட்ல அந்த வேலை இருக்கணும். எஞ்சினியர், அக்கவுண்டன்ட், நர்ஸ், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் எல்லாம் இருக்கு, புரோகிராமர் இல்ல. ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூணு வருஷம், திரும்ப நீட்டிக்கலாம், ஆனா கூடப் போற கணவனோ மனைவியோ டிடி விசால வேலை பாக்க முடியாது. இதெல்லாம் நாட்டுக்கு நாடு பேசி வாங்கினது. சிங்கப்பூருக்கு ஹெச்1பி1ங்கற வேலை விசால வருஷத்துக்கு 5,400 இடம், சிலிக்கு 1,400, ஆஸ்திரேலியாவுக்கு ஈ-3ங்கற வேலை விசால 10,500. இந்தியாவுக்கு அமெரிக்காவோட அப்படி ஒரு தனி ஒதுக்கீடு கிடையாது, அதான் நம்மாளுங்க ஹெச்1பி குலுக்கல்ல நிக்கறாங்க.

ஏற்காடு மலைக்காரி:
நம்ம பாஸ்போர்ட்டுக்கு எந்த ஒப்பந்தம் என்ன தருதுன்னு தேடறதுதான் சரிங்க. இந்தியா ஆஸ்திரேலியாவோட போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29ல இருந்து நடப்புல இருக்கு, அதுல இந்திய சமையல்காரங்களுக்கும் யோகா டீச்சருக்கும் சேத்து வருஷம் 1,800 இடம், நாலு வருஷம் வரைக்கும் தங்கலாம். இங்க மேல ரிசார்ட் கிச்சன்ல கேட்டரிங் படிச்ச பசங்க எத்தனையோ பேர் இருக்காங்க, யாருக்கும் இது தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க. எஞ்சினியருக்குன்னா ஆஸ்திரேலியாவுலயே மேட்ஸ்னு ஒரு திட்டம், வருஷம் 3,000 பேர், ஆனா படிப்பு முடிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கணும், வயசு முப்பதுக்குள்ள. உங்க தம்பிக்கு ஒத்து வராது, ஜூனியர் பசங்களுக்கு சொல்லலாம்.

அஸ்தம்பட்டி அக்கா:
ரொம்ப நன்றிங்க, அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டேன், லோன் வேண்டாம்னுட்டார். ஆனா தம்பி இப்பதான் சொல்றான், ஃபைல் போடணும்னு டிகிரி ஒரிஜினலையும் மார்க் ஷீட்டையும் வாங்கி வெச்சிருக்காங்களாம், பணம் கட்டினாதான் தருவோம்ங்கறாங்களாம்.

டொரன்டோ சேலத்தான்:
கனடா பிஆர் அப்ளிகேஷனுக்கு ஸ்கேன் காப்பி போதும் அக்கா, ஒரிஜினல வாங்கி வெச்சுக்க எந்த அவசியமும் இல்ல. நாளைக்கே அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, இன்னின்ன சர்டிபிகேட் இந்த தேதில குடுத்தோம்னு லெட்டர் எழுதி ஒரு காப்பில அவங்க சீல் வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா அதையே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, அந்த ரசீதோட நேரா கமிஷனர் ஆபீஸ்ல புகார் குடுங்க. வாட்ஸ்அப்ல அவங்க அனுப்பின மெசேஜ் எதையும் அழிக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க.